எஃப்12: நாலு உலாவி, நாலு கண்ணாடி

ஒப்பீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு சொந்தச் சோகக்கதை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் எங்கள் துறை சிம்போசியத்துக்குப் பதிவுப் பக்கம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன விழுந்தது, நானேதான் கையைத் தூக்கினேன். மூன்றாம் வருடம், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரியும் பருவம். பெயர், கல்லூரி, கைப்பேசி எண், எந்தப் போட்டி, கடைசியில் ‘பதிவு செய்’ என்று ஒரு பச்சை பட்டன். அவ்வளவுதான் பக்கம். ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன்.

சோதித்துப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்த்தேன் சாமி! குரோமில் எஃப்12 அமுக்கி, கைப்பேசிப் படம் போட்ட சின்னத்தைத் தட்டி, ஐஃபோன், பிக்சல், கேலக்ஸி என்று ஒவ்வொரு பெயராக மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பக்கம் அம்சமாக இருந்தது. பட்டன் அமுக்கினால் பதிவாகிறது. ‘எல்லா போனிலும் டெஸ்ட் பண்ணியாச்சு’ என்று குழுவில் பெருமையாக எழுதினேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன் என்பது வேறு விஷயம் :-)

பதிவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, இரவு பதினொரு மணிக்கு ஒரு அழைப்பு. வேறு ஊர்க் கல்லூரிப் பெண்.

"அண்ணா, பட்டனை அமுக்குறோம், ஒண்ணுமே நடக்கல."

"நெட் சரியா இருக்காம்மா?"

"இருக்குண்ணா. மத்ததெல்லாம் ஓடுது."

"ரீஃப்ரெஷ் பண்ணிட்டு மறுபடி அமுக்குங்க."

"அஞ்சு தடவ பண்ணிட்டோம்ணா."

நான் என் கணினியில் அமுக்கினேன். உடனே பதிவானது. "எங்களுக்கு வேலை செய்யுதேம்மா, உங்க போன்லதான் ஏதோ பிரச்சினை" என்று சொல்லி வைத்துவிட்டேன். பொட்டி தட்டுகிறவன் சொல்கிற சாக்குகளிலேயே பழையது அதுதான்.

மறுநாள் இன்னும் இரண்டு அழைப்புகள். எல்லோருக்கும் ஒரே பிரச்சினை. விசாரித்ததில் எல்லோரும் வைத்திருந்தது பழைய ஐஃபோன், யாரோ அக்காவோ மாமாவோ கொடுத்தது. ஒருத்தர் "சஃபாரியில வரல, குரோம்ல போய்ப் பார்த்தேன், அதுலயும் வரல" என்றார். எனக்கு மண்டை காய்ந்தது. குரோமில் வரவில்லையா? நான் பார்த்ததே குரோமில்தானே!

இரண்டு நாள் நிரலைப் புரட்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு சீனியரிடம் மேக்புக் இருக்கிறது என்று தெரிந்து, ஒரு பழைய ஐஃபோனையும் கடன் வாங்கிக்கொண்டு போனேன். போனில் சஃபாரி அமைப்புகளுக்குள் ‘வெப் இன்ஸ்பெக்டர்’ என்பதை இயக்கி, கேபிளைச் சொருகி, மேக் சஃபாரியில் ‘டெவலப்’ மெனுவைத் திறந்தால் அந்த போனின் பெயர் தெரிந்தது. தட்டினேன். கன்சோலில் சிவப்பாக ஒரே ஒரு வரி: ரெகுலர் எக்ஸ்பிரஷன் செல்லாது, இலக்கணப் பிழை. முப்பது வினாடி ஆகியிருக்கும்.

விஷயம் இதுதான். கைப்பேசி எண்ணைச் சரிபார்க்க இணையத்தில் எங்கிருந்தோ ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனைச் சுட்டுப் போட்டிருந்தேன். அதில் ‘லுக்பிஹைண்ட்’ என்று ஒரு சங்கதி. ஒரு எழுத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கும் குறி. குரோம் இதை 2017இலேயே புரிந்துகொண்டது. நெருப்புநரி 2020இல். சஃபாரி? 2023 மார்ச்சில் வந்த 16.4 பதிப்பில்தான். ஐஃபோன் 7 போன்றவை ஐஓஎஸ் 15-ஓடு நின்றுவிட்டன, அவற்றுக்கு இது ஒருநாளும் வராது. இதில் இன்னொரு கொடுமை, இந்த வகைப் பிழை நிரலைப் படிக்கும்போதே பிடிபடும். அந்த ஒரு வரி புரியாவிட்டால் மொத்தக் கோப்பையும் தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் பட்டன் பொம்மையாக நின்றது.

ஐஃபோனில் குரோம் ஏன் உதவவில்லை? அங்கே குரோம் என்பது பெயர்ப்பலகை மட்டும்தான். உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட். ஐஃபோனில் எல்லா உலாவிகளும் வெப்கிட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது ஆப்பிள் வைத்த விதி. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த விதி தளர்ந்தது. நம் ஊரில் தளரவில்லை.

அந்த வரியை எடுத்துவிட்டுச் சாதாரணமாக இரண்டு வரி எழுதினேன். ஐந்து நிமிட வேலை. ஆனால் பதிவு முந்தின நாள் மாலையே முடிந்திருந்தது. முதலில் அழைத்த பெண்ணின் அணி, நாலு பேர், நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விழா அன்று காலை பஸ் பிடித்து வந்தார்கள். அந்தப் போட்டிக்கு இடம் நிறைந்துவிட்டது. பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் செய்வதைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிப் போனார்கள். அந்தப் பக்கத்தைச் செய்தவன் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடமாக நாலு உலாவிகளின் டெவலப்பர் கருவிகளையும் வம்படியாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். எது உசத்தி என்று ஒரு வரியில் சொல்லச் சொன்னால், கேள்வியே தப்பு என்றுதான் சொல்வேன். ஏன் என்று பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் வரலாறு

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சார் இருக்கிறார். இந்தக் கருவிகள் எதுவுமே இல்லாத காலத்தில் வலைத்தளம் செய்தவர். ஜாவாஸ்கிரிப்டில் பிழை இருந்தால் என்ன சார் செய்வீர்கள் என்று கேட்டேன். "வரிக்கு வரி அலர்ட் போடுவோம்பா. ‘இங்க வந்துட்டேன்’, ‘இங்கயும் வந்துட்டேன்’னு. எந்த அலர்ட் வரலையோ அதுக்கு மேல பிழை" என்றார். லூப்புக்குள் அலர்ட் போட்டுவிட்டு நூறு முறை ஓகே அமுக்கிய கதையும் சொன்னார்.

2006இல் ஜோ ஹெவிட் என்பவர் நெருப்புநரிக்காக ஃபயர்பக் என்று ஒரு நீட்சியை வெளியிட்டார். பக்கத்தில் ஒரு இடத்தைத் தொட்டால் அதன் எச்.டி.எம்.எல். தெரியும், சி.எஸ்.எஸ்.ஸை அங்கேயே மாற்றலாம், எந்தக் கோப்பு வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கலாம், ஜாவாஸ்கிரிப்டை நடுவில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்கலாம். எல்லாம் ஒரே பலகையில். இன்று நாம் எஃப்12 அமுக்கினால் வரும் கருவிகளின் முகவெட்டு எல்லாம் ஏறத்தாழ அதிலிருந்து வந்ததுதான். கன்சோல்.லாக் எழுதும் பழக்கத்தைப் பரப்பியதும் அதுதான். எஃப்12 என்ற விசையே ஃபயர்பக்கைத் திறந்த விசைதான்.

அதே 2006இல் வெப்கிட் பக்கமும் வெப் இன்ஸ்பெக்டர் முளைத்தது. 2008இல் ஓபரா தன் டிராகன்ஃபிளையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த குரோம், வெப்கிட்டின் இன்ஸ்பெக்டரோடுதான் பிறந்தது. 2009இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 தன் கருவிகளோடு வந்தது. 2013இல் குரோம் வெப்கிட்டிலிருந்து பிரிந்து பிளிங்க் என்று தனிக்குடித்தனம் போனது. ஆக, இன்றைய குரோம் கருவியும் சஃபாரி கருவியும் ஒரு காலத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

எக்ஸ்ப்ளோரர் 8, 9 காலத்து வேடிக்கை ஒன்றைச் சார் சொன்னார். அங்கே கன்சோல் என்ற பொருளே, டெவலப்பர் கருவியைத் திறந்திருந்தால்தான் உயிரோடு இருக்கும். மறந்துபோய் நிரலில் ஒரு கன்சோல்.லாக்கை விட்டுவிட்டால், பயனருக்குப் பக்கம் உடையும். என்ன பிழை என்று பார்க்க எஃப்12 அமுக்கினால், கன்சோல் வந்துவிடும், பிழை காணாமல் போய்விடும்! டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போகிற மாதிரி. சிரித்தேன். என் ஐஃபோன் கதையும் அதே வகைதான் என்று அப்புறம்தான் உறைத்தது.

சரி, மேட்டருக்கு வருவோம். உலாவி வாரியாகப் பார்த்தால் சின்னச் சண்டையாகப் போய்விடும் என்பதால் வேலை வாரியாகப் பார்க்கலாம்.

1. பக்கம் கோணலாக இருக்கிறதா?

சி.எஸ்.எஸ். வேலைக்கு என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு நெருப்புநரிக்கு.

ஒரு உதாரணம். சாதாரண ஸ்பான் ஒன்றுக்கு அகலம் 200 பிக்சல் என்று எழுதுகிறீர்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆயிரம் தடவை சேமித்து ரீஃப்ரெஷ் செய்தாலும் ஆகாது, ஏனென்றால் வரிக்குள் ஓடும் உறுப்புக்கு அகலம் செல்லாது. நெருப்புநரி அந்த விதியை மங்கலாக்கி, பக்கத்தில் ஒரு சின்னத் தகவல் குறி போடும். அதன்மேல் சுட்டியை வைத்தால் ஏன் செல்லவில்லை, என்ன மாற்றினால் செல்லும் என்று சொல்லும். 2019இல் வந்த வசதி இது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அண்ணன் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. குரோமிலும் இதே மாதிரிக் குறிப்புகள் 2022இல் வந்துவிட்டன. ஆனால் யார் முன்னோடி என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று, கைப்பேசியில் பக்கம் இடவலமாக ஆடும் தொல்லை. எந்தப் பெட்டி வெளியே துருத்துகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். நெருப்புநரியில் அப்படி உருளும் உறுப்புக்குப் பக்கத்தில் ‘ஸ்க்ரோல்’ என்று ஒரு பட்டை இருக்கும். அதைத் தட்டினால் துருத்தும் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கிரிட் அமைப்பும் அப்படித்தான். 2017 மார்ச்சில் குரோம், நெருப்புநரி, சஃபாரி மூன்றும் அடுத்தடுத்து சி.எஸ்.எஸ். கிரிட்டைக் கொண்டுவந்தன. ஆனால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோடுகளைப் பக்கத்தின் மேல் வரைந்துகாட்டும் கருவியை முதல் நாளே கையில் கொடுத்தது நெருப்புநரிதான். குரோமில் முழுமையான கிரிட் கருவி 2020 நவம்பரில், 87ஆம் பதிப்பில் வந்தது.

2. தமிழ் எழுத்து எங்கிருந்து வருகிறது?

இது நம்மைப் போல் தமிழில் பக்கம் செய்கிறவர்களுக்கான தனித் தலைவலி. சி.எஸ்.எஸ்.ஸில் பாப்பின்ஸ் என்று எழுத்துரு போடுகிறோம். பாப்பின்ஸில் தமிழ் எழுத்துகளே கிடையாது. உலாவி அழகாக ஆங்கிலத்தை மட்டும் அதில் போட்டுவிட்டு, தமிழை எங்கிருந்தாவது எடுத்து ஒட்டும். விண்டோஸில் பெரும்பாலும் நிர்மலா, மேக்கில் தமிழ் சங்கம், ஆண்ட்ராய்டில் நோட்டோ. ஒவ்வொன்றின் உயரமும் தடிமனும் வேறு. நம் கணினியில் ஒழுங்காக நின்ற தலைப்பு, வேறொருவர் கணினியில் ‘கு’, ‘மூ’ இவற்றின் கீழ்ச்சுழி வெட்டுப்பட்டு நிற்கும்.

எழுதியது எந்த எழுத்துரு என்பது சி.எஸ்.எஸ்.ஸில் தெரியும், வந்து உட்கார்ந்தது எது என்பது தெரியாது. அதற்குத்தான் கருவி வேண்டும். நெருப்புநரியில் ‘ஃபாண்ட்ஸ்’ என்று தனித்தாவலே இருக்கிறது. தேர்ந்தெடுத்த பத்திக்கு நிஜமாகவே பயன்பட்ட எழுத்துருக்களைப் பட்டியலிடும். குரோமில் ‘கம்ப்யூட்டட்’ தாவலின் அடியாழத்துக்குப் போனால், எந்த எழுத்துருவிலிருந்து எத்தனை வடிவங்கள் எடுத்தது என்று எண்ணிக்கையோடு இருக்கும். எண்ணிக்கை காட்டுவது குரோமின் கெட்டிக்காரத்தனம். ஆனால் அது அங்கே இருப்பது தெரியாமலே நான் ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன். தேடாமலே கண்ணில் படுவதால் இதிலும் நெருப்புநரிக்கு ஒரு மார்க் கூடுதல்.

குரோமையும் குறை சொல்லக்கூடாது. 2021 முதல் அதன் டெவ்டூல்ஸின் மெனு மொழியை 80க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு மாற்றிக்கொள்ளலாம், தமிழும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

3. பக்கம் ஆமையாக ஊர்கிறதா?

இங்கே குரோம்தான் ராஜா. மறுபேச்சே இல்லை.

‘பெர்ஃபார்மன்ஸ்’ பலகையைத் திறந்து பதிவை ஓடவிட்டால், எந்த ஃபங்ஷன் எத்தனை மில்லி வினாடி தின்றது, எது பக்கத்தை உறைய வைத்தது என்று அடுக்கடுக்காக வரைந்து காட்டும். செயலியை நாலு மடங்கு, ஆறு மடங்கு மெதுவாக்கிப் பார்க்கலாம். இணைப்பையும் மெதுவாக்கலாம். கல்லூரி வைஃபையில் உட்கார்ந்துகொண்டு, கிராமத்தில் ஒரு கோட்டு சிக்னலில் இருப்பவருக்குப் பக்கம் எப்படி வரும் என்று தோராயமாகவாவது பார்க்க முடிகிறது. லைட்ஹவுஸ் மார்க் போட்டு, குறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுக்கும். நினைவகக் கசிவு தேடுவதற்கு ஹீப் ஸ்னாப்ஷாட்டுகளை எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

நெருப்புநரியின் ப்ரொஃபைலரும் சளைத்ததில்லை. எடுத்த பதிவை இணைப்பாக ஒருவருக்கு அனுப்பினால் அவர் தன் உலாவியில் அப்படியே திறந்து பார்க்கலாம் என்பது அருமையான வசதி. ஆனால் புதிதாகப் பார்ப்பவருக்குக் கண்ணைக் கட்டும். சஃபாரியில் மற்றவற்றில் நான் காணாத ஒன்று இருக்கிறது. பக்கம் பேட்டரியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ஒரு மீட்டர் காட்டும். சார்ஜ் பத்து சதவீதத்தில் பஸ்ஸில் போகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

4. சர்வரோடு சண்டையா?

நெட்வொர்க் பலகை நாலிலும் நன்றாகவே இருக்கிறது. நெருப்புநரியில் ஒரு கோரிக்கையின் மேல் வலது சொடுக்கு, ‘திருத்தி மீண்டும் அனுப்பு’ என்றால் அங்கேயே மாற்றி அனுப்பலாம். குரோமில் நான் செய்வது, கோரிக்கையை ஃபெட்ச் வடிவில் நகலெடுத்து, கன்சோலில் ஒட்டி, திருத்தி ஓட்டுவது. சுற்றி வளைத்து மூக்கைத் தொடுகிற வேலை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தளத்தின் கோப்பை நம் கணினியில் இருக்கும் கோப்பால் மாற்றிவைத்துச் சோதிக்கும் ‘லோக்கல் ஓவர்ரைட்ஸ்’ குரோமில் 2018இலேயே வந்துவிட்டது. சர்வரைத் தொட அனுமதி இல்லாத இடத்தில் இது தெய்வம்.

5. எட்ஜ் எங்கே?

2020 ஜனவரியில் எட்ஜ் தன் சொந்த இன்ஜினை மூட்டைகட்டி வைத்துவிட்டுக் குரோமியத்துக்கு மாறியது. எனவே எட்ஜில் எஃப்12 அமுக்கினால் வருவது குரோமின் தம்பி. அங்கே செய்கிற நல்ல காரியங்களில் பலவும் குரோமியத்துக்கே போய்ச் சேருகின்றன. அது நல்லதுதான். ஆனால் ‘குரோமிலும் பார்த்தேன், எட்ஜிலும் பார்த்தேன்’ என்று யாராவது சொன்னால், ஒரே ஆளைச் சட்டை மாற்றி இரண்டு முறை பார்த்தேன் என்று அர்த்தம். ஓபராவும் 2013இலேயே அந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது. டிராகன்ஃபிளையும் அதோடு போனது.

6. கைப்பேசியில் என்ன நடக்கிறது?

நான் சறுக்கி விழுந்த இடம் இது.

குரோமின் கைப்பேசிப் பார்வை என்ன செய்கிறது? திரையின் அகலத்தைக் குறைக்கிறது, சுட்டியைத் தொடுதல் போல் நடத்துகிறது, ‘நான் ஐஃபோன்’ என்று சர்வரிடம் பெயரை மாற்றிச் சொல்கிறது. அவ்வளவுதான். உள்ளே பக்கத்தை வரைவது அதே பிளிங்க், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது அதே வி8. ஐஃபோன் முகமூடி போட்ட குரோம். கைப்பேசியில் முகவரிப் பட்டை திரையின் ஒரு பகுதியை விழுங்குவதோ, விசைப்பலகை மேலே வருவதோ, நம் பயனரின் பழைய சஃபாரிக்கு எது புரியாது என்பதோ அதற்குத் தெரியாது. இது தோராயமான பார்வைதான் என்று குரோமின் விளக்கப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை.

நிஜ ஆண்ட்ராய்டு போனைச் சோதிப்பது சுலபம். போனில் யூ.எஸ்.பி. டீபக்கிங்கை இயக்கி, எந்தக் கணினியில் வேண்டுமானாலும் சொருகலாம். விண்டோஸ், லினக்ஸ், மேக், எதுவும் சரி. போனில் ஓடும் பக்கத்தை இங்கிருந்தே பிரித்து மேயலாம். நெருப்புநரியின் ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் இதே போன்ற வழி உண்டு.

ஐஃபோனுக்கு? ஒரு மேக் வேண்டும். வெப் இன்ஸ்பெக்டர் கருவி நன்றாகத்தான் இருக்கிறது, சும்மா சொல்லக்கூடாது. மேக் சஃபாரியின் மேம்பட்ட அமைப்புகளில் ஒரு டிக் போட்டால் திறக்கும். பலகைகள் சுத்தமாக, தெளிவாக இருக்கும். ஆனால் விண்டோஸுக்கான சஃபாரி 2012இல் 5.1.7-ஓடு நின்றுவிட்டது. ஆக, பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பழைய போனில் ஒரு பிழை என்ன என்று பார்க்க, அதைப்போல் பல மடங்கு விலையுள்ள கணினி வேண்டும். எங்கள் வகுப்பில் அறுபது பேர். மேக் வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் பலகை, வண்ணம், வசதி என்று பட்டியல் போடுகிறார்கள். கருவி யார் கையில் கிடைக்கிறது என்ற பத்தியைக் காணோம். என்னைக் கேட்டால் அதுதான் முதல் பத்தியாக இருக்க வேண்டும். மற்ற கணினிகளிலிருந்தும் ஐஃபோன் பக்கத்தை இன்ஸ்பெக்ட் செய்ய ஆப்பிள் வழிவிட வேண்டும். ஒரு மாணவன் சொல்லி ஆப்பிள் கேட்குமா என்றால் கேட்காது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாற்றுவழி கொஞ்சம் இருக்கிறது. பிளேரைட் என்ற சோதனைக் கருவியை நிறுவினால் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும் வெப்கிட் ஒன்று கூடவே வரும். லினக்ஸ்காரர்களுக்கு க்னோம் வெப் உலாவி இருக்கிறது, அதுவும் வெப்கிட்தான், இன்ஸ்பெக்டரும் உண்டு. ஆனால் இவை புதிய வெப்கிட். என்னைக் கவிழ்த்த பழைய ஐஃபோன் பிழை இவற்றில் தெரிந்திருக்காது. அதற்கு ஒரே மருந்து, எதையாவது சுட்டுப் போடும் முன் எம்.டி.என். பக்கத்தின் அடியில் இருக்கும் ஆதரவு அட்டவணையைப் பார்ப்பது. ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் மிச்சப்படுத்தினேன்!

அப்படியானால் என்னதான் சொல்ல வருகிறாய்?

இதுதான். எஃப்12 அமுக்கினால் தெரிவது, அந்த உலாவிக்கு நம் பக்கம் எப்படித் தெரிகிறது என்பது மட்டும்தான். ஒரே கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஒரே மாதிரித்தான் தெரியும். நம் பாடங்கள், யூடியூப் வகுப்புகள், பயிற்சி மையங்கள், எல்லாவற்றிலும் வரும் படம் குரோம். அதனால் குரோமில் ஓடினால் இணையத்தில் ஓடுகிறது என்றே கற்றுக்கொள்கிறோம். அந்தக் காலத்தில் ‘இந்தத் தளத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கவும்’ என்று பலகை வைத்தவர்களைப் பார்த்து இன்று சிரிக்கிறோம். பலகை வைக்காமல் அதையே செய்துகொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. மேலே யார் முன்னோடி என்று குறித்துவைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். ஃபயர்பக் வந்த பிறகுதான் மற்றவர்கள் முழித்துக்கொண்டார்கள். கிரிட் கருவி நெருப்புநரியில் வந்தது, குரோம் பின்தொடர்ந்தது. செல்லாத சி.எஸ்.எஸ். குறிப்பும் அப்படியே. குரோமில் வளர்ந்த வசதிகளைப் பார்த்து நெருப்புநரியும் சஃபாரியும் ஓடி வந்தன. ஒருவரைப் பார்த்து ஒருவர் ஓடியதால்தான் நமக்கு இத்தனையும் இலவசமாகக் கிடைத்தன. 2020 ஆகஸ்டில் மொசில்லா சுமார் 250 பேரை வேலையைவிட்டு அனுப்பியது. டெவலப்பர் கருவிகளுக்கான முதலீட்டைக் குறைப்பதாகவும் அப்போதே சொன்னது. ஓடுகிறவர்களில் ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது. அவரும் உட்கார்ந்துவிட்டால், முன்னால் ஓடுகிறவர் எதற்காக ஓட வேண்டும்?

‘நெருப்புநரியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், அதற்காக ஏன் மெனக்கெட வேண்டும்’ என்று என் அறைத்தோழன் கேட்டான். நியாயமான கேள்விதான். நேரம் எல்லோருக்கும் அளவுதான். ஆனால் நான் கேட்பது நெருப்புநரி பயனருக்காக இல்லை, நமக்காக. இரண்டாவது உலாவியில் ஒரு பக்கம் உடைந்தால், பெரும்பாலும் நம் நிரலில் எங்கோ ஒரு கள்ளத்தனம் இருக்கிறது என்று பொருள். அதை இலவசமாகக் காட்டிக்கொடுக்கும் நண்பனை யாராவது வேண்டாம் என்பார்களா?

நான் இப்போது செய்வது இவ்வளவுதான்:

எழுதும்போது நெருப்புநரி. சி.எஸ்.எஸ். எல்லாம் அங்கேதான். நாள் முழுக்க அதில் எழுதிவிட்டுக் குரோமில் பார்த்தால் ஆச்சரியங்கள் குறைவு.

முடித்தபிறகு குரோம். செயலியையும் இணைப்பையும் மெதுவாக்கி, பெர்ஃபார்மன்ஸ் பலகையில் ஒரு ஓட்டம்.

வெளியிடும் முன், நிஜமான ஒரு ஆண்ட்ராய்டு, நிஜமான ஒரு ஐஃபோன், இரண்டிலும் பட்டனை விரலால் அமுக்கிப் பார்ப்பது. ஐஃபோன் எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது. மேக் இல்லாவிட்டால் பிழை என்ன என்று தெரியாமல் போகலாம், பிழை இருக்கிறது என்பதாவது தெரியும்.

கடைசியாக, படிவத்தைப் படிவமாகவே எழுதுவது. ஜாவாஸ்கிரிப்ட் செத்துப்போனாலும் சாதாரண எச்.டி.எம்.எல். படிவம் தன் வேலையைச் செய்யும். அன்றைக்கு நான் அந்தப் பச்சை பட்டனை வெறும் சப்மிட் பட்டனாக வைத்திருந்தால், கைப்பேசி எண்ணைச் சரிபார்க்காமலாவது பதிவு போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த வருட சிம்போசியத்துக்கும் பதிவுப் பக்கம் நான்தான் செய்தேன். ஜூனியர்கள் யாரும் கையைத் தூக்கவில்லை, என் கதை அவ்வளவு பிரபலம் :-) வெளியிடும் முன் விடுதி முழுக்கப் பழைய ஐஃபோன் தேடி அலைந்தேன். ஒரு மெஸ் அண்ணனிடம் திரை விரிசல் விட்ட ஐஃபோன் 7 ஒன்று கிடைத்தது. "எதுக்கு தம்பி?" என்றார். "ஒரு பட்டன் அமுக்கணும்ணே" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

அமுக்கினேன். பதிவானது. அந்த நாலு பேரின் கல்லூரிக்கு அழைப்பிதழோடு ஒரு தனிக் கடிதமும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். போன வருடம் உங்கள் போனில் எந்தப் பிரச்சினையும் இல்லை, பிரச்சினை எங்கள் பக்கத்தில்தான் இருந்தது என்று.